ஆவுளியாவுக்கு அவசரமே கிடையாது!

யானைக்குக் கடலில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். யார் சொல்லுங்கள்?

மதிய இடைவேளையில் கேன்டீனில் ஃப்ரெண்ட்ஸ் கும்பலிடம் இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டேன். 'திமிங்கலம்' என்றான் ஒருத்தன். 'நீர்யானை மச்சி... பேர்லயே யானை இருக்கே!' என்றான் இன்னொருத்தன். நீர்யானை கடலில் எங்கேடா இருக்கு என்று மெக்கானிக்கல் பசங்க அவனைக் கலாய்க்க ஆரம்பிக்க... சமோசா காலியானதுதான் மிச்சம். விடை வரவே இல்லை.

இத்தனைக்கும் நாங்கள் யானை ஊர்க்காரர்கள்! காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மலைக்குப் பெயரே அத்திகிரி. அத்தி என்றால் யானை. எங்கள் ஊர்ப் பட்டுப்புடவை பார்டரில் யானைகள் வரிசை கட்டி நடக்கும். அந்த யானையின் கடல் சொந்தம் எங்கோ ஆப்பிரிக்காவில் இல்லை. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போனால் வரும் பாக் விரிகுடாவில், தண்ணீருக்கு அடியில் அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது.

பெயர், ஆவுளியா. கடல் பசு என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் டுகாங்.

இந்தியக் கடல் முழுக்கத் தேடினாலும் சுமார் 200 ஆவுளியாக்கள்தான் இருக்கும் என்று 2013-ல் இந்திய விலங்கியல் ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. எங்கள் காலேஜில் ஒரே ஒரு டிபார்ட்மென்ட்டின் நாலு வருஷப் பசங்களை வரிசையாக நிற்க வைத்தால், அதைவிட அதிகம் வரும்!

இந்த 200 பேரும் தொடர்ந்து வாழ என்னென்ன வேண்டும்? தேடிப் படித்தபோது கிடைத்த பட்டியல் ரொம்பச் சின்னது. புல், மூச்சு, நேரம். மூணே மூணு ஐட்டம். ஆனால், மூணுமே நம் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சிக்கல்!

குடும்ப ஆல்பம்

முதலில் ஒரு அறிமுகம். உலகத்தில் கடல் பசுக் குடும்பத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது நாலே நாலு வகை. அதில் மூணு, மானட்டீ வகைகள். கரீபியன் கடல்-ஃப்ளோரிடா பக்கம் ஒன்று, அமேசான் நதியில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்று. நாலாவது, நம்ம ஆவுளியா.

மானட்டீக்கும் ஆவுளியாவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஈஸியான வழி, வாலைப் பார்ப்பது. மானட்டீயின் வால் பனைவிசிறி மாதிரி வட்டமாக இருக்கும். ஆவுளியாவின் வால் திமிங்கலம் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். மானட்டீ ஆற்றுக்குள்ளும் வரும். ஆவுளியாவோ முழுக்க முழுக்கக் கடல்வாசி.

வளர்ந்த ஆவுளியா சுமார் 3 மீட்டர் நீளம். எடை 400 கிலோ வரைக்கும், சமயத்தில் அதற்கு மேலும் போகும். வளர்ந்த ஆணுக்கு யானை மாதிரியே சின்னதாகத் தந்தம் முளைக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும் காம்புகள், யானைக்கு இருப்பது போலவே முன்கால் பக்கத்தில், அதாவது துடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஆயுசும் நீளம்... 70 வருஷம் வரை!

1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் பகுதியில் 'மூணு கடல்கன்னிகளைப் பார்த்தேன்' என்று எழுதிவைத்தார். 'படத்தில் வரைகிற அளவுக்கு அழகாக இல்லை' என்று கூடவே ஒரு கமென்ட்! அவர் பார்த்தது மானட்டீயைத்தான் என்கிறார்கள். மாசக் கணக்கில் கப்பலிலேயே கிடந்தால் அப்படித்தான் தெரியும் போல. விடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் அஞ்சாவதாக ஒருத்தரும் இருந்தார். வட பசிபிக்கின் குளிர்ந்த பேரிங் கடலில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடல் பசு. 8 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்த ராட்சசன். 1741-ல் ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி இதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அந்தப் பக்கம் வந்த வேட்டைக்காரர்கள் எல்லாம் கறிக்காக அடித்தார்கள். 1768-ல் கதை முடிந்தது. கண்டுபிடித்து வெறும் 27 வருஷத்தில் ஒரு இனமே காலி!

ஐட்டம் நம்பர் 1: புல்

ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் ஒரே சாம்பார் என்று புலம்புகிற நமக்கு ஆவுளியாவின் மெனுவைப் பார்த்தால் கண் கலங்கும். காலையில் புல், மதியம் புல், ராத்திரியும் புல். ஒரு நாளைக்கு 40 கிலோ வரை வெளுத்துக்கட்டும். இதைச் செரிக்க வேண்டுமே? அதன் பெருங்குடல் மட்டுமே 25 மீட்டருக்கு மேல். நாலு பட்டுப்புடவையை முனையோடு முனை முடிச்சுப் போட்டாலும் பத்தாது!

இது கடற்பாசி இல்லை பாஸ். பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல்லுக்கு நிஜமான வேர் உண்டு, தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூக்கும், விதை விடும். தரையில் இருக்கும் செடி மாதிரியே அதுவும் வெயிலில்தான் சமைத்துச் சாப்பிட வேண்டும். அதனால், வெளிச்சம் அடிவரைக்கும் எட்டுகிற ஆழம் குறைந்த, தெளிந்த கடலில்தான் அது வளரும். கோடியக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் அரைவட்டமாக வளைந்து கிடக்கும் பாக் விரிகுடா அப்படிப்பட்ட இடம். ஆழம் கம்மி, அலையும் கம்மி. குளம் மாதிரி இருக்கும்.

ஆவுளியா மேயும்போது புல்லை நுனி கிள்ளாது. மீசை முடி நிறைந்த மேலுதட்டால் மணலைக் கிளறி, வேரோடு பிடுங்கித் தின்னும். அது போன வழியெல்லாம் தோட்டத்தில் பாத்தி வெட்டியது மாதிரி தடம் இருக்கும். அந்தத் தடத்தை வைத்தே 'இங்கே ஆவுளியா வந்திருக்கு' என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் புல்வெளியில் ஆவுளியா மட்டும் குடியிருக்கவில்லை. இறால், நண்டு, கடல்குதிரை, பலவகை மீன் குஞ்சுகள்... எல்லாருக்கும் எல்.கே.ஜி. ஸ்கூல் இதுதான். இங்கே வளர்ந்துதான் பெரிய கடலுக்குப் போகும். அதனால், புல் போனால் ஆவுளியா மட்டுமில்லை, மீனவர் வீட்டு அடுப்பும் அடி வாங்கும். இதுபோக, காற்றில் இருக்கும் கார்பனை இழுத்து மண்ணுக்குள் பூட்டி வைக்கும் வேலையையும் கடற்புல் சைலன்ட்டாகச் செய்கிறது.

இதைக் கெடுப்பது எது? இழுவைமடி, கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டே போகிற வலை. அது போன இடத்தில் புல் வேரோடு வரும். கிளம்புகிற சேறு தண்ணீரைக் கலக்க, பக்கத்தில் பிழைத்து நிற்கும் புல்லுக்கும் வெளிச்சம் கட். கரையிலிருந்து வரும் சாக்கடையும் கழிவுநீரும் பாசியை ஊட்டி வளர்க்கும். மேலே பாசி படர்ந்தால் கீழே புல்லுக்கு இருட்டு!

அமெரிக்காவில் ஒரு லெட்டூஸ் கதை

'சும்மா பயமுறுத்தாதே' என்கிறீர்களா? ஃப்ளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே இந்தியன் ரிவர் லகூன் என்று நீளமான ஒரு உப்பங்கழி இருக்கிறது. மானட்டீக்களின் ஃபேவரைட் ஹோட்டல். வயலிலும் தோட்டத்திலும் போட்ட உரமும், வீட்டுக் கழிவுநீரும் வருஷக்கணக்கில் அதில் கலந்தன. பாசி பொங்கியது, தண்ணீர் கலங்கியது, புல் செத்தது. 2021-ம் வருஷம் மட்டும் ஃப்ளோரிடாவில் 1,100 மானட்டீக்கள் வரை செத்துப்போயின. அந்த மாகாணத்தில் அதுவரை பார்க்காத எண்ணிக்கை. பலவற்றின் சாவுக்குக் காரணம், பசி!

மானட்டீக்குக் குளிரும் ஆகாது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. அதனால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளையும், மின் நிலையங்கள் வெளியேற்றும் சூடான தண்ணீரையும் தேடிவந்து கூட்டமாகக் கிடக்கும். அப்படி ஒரு மின் நிலையம் பக்கத்தில் காத்திருந்த அதிகாரிகள், 2021-22 குளிர்காலத்தில் தண்ணீரில் லெட்டூஸ் கீரையைக் கொட்டினார்கள். ஒரே சீசனில் 90 டன்னுக்கு மேல்! காட்டு விலங்குக்குச் சாப்பாடு போடாதே என்று போர்டு வைக்கிற அதே அரசாங்கம்தான் இதையும் செய்ய வேண்டியதாயிற்று.

அவ்வளவு பணம் இருக்கிற நாட்டிலேயே புல்லை இழந்துவிட்டு லெட்டூஸ் வாங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆவுளியாவுக்கு 40 கிலோ என்றால்... நாம் எந்த மார்க்கெட்டில் போய் வாங்குவது?

ஐட்டம் நம்பர் 2: மூச்சு

ஆவுளியா மீன் கிடையாது. நம்மை மாதிரி பாலூட்டி. செவுள் இல்லை, நுரையீரல்தான். சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டி மூச்சு வாங்கியாக வேண்டும்.

செவுள் வலையில் ஒரு ஆவுளியா சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வலை அதைக் குத்தாது, வெட்டாது. மேலே வரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கடலிலேயே பிறந்து வளர்ந்த உயிர், கடலிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனவர் அதைப் பிடிக்க வலை போடவே இல்லை. அவர் விரித்தது மீனுக்கு. காலையில் வந்து தூக்கும்போது கனக்கும். அவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்து என்ன பயன்?

ஒரு காலத்தில் கறிக்காகவும் இதைப் பிடித்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போது ஆவுளியா, 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கொன்றால் ஜெயில். ஆனால், தற்செயலாக வலையில் மாட்டுவதைச் சட்டப் புத்தகத்தால் தடுக்க முடியுமா? அங்கே தேவை ஒரு கத்தியும், அதை எடுத்து வலையை வெட்ட ஒரு மனசும்.

வலை என்ன சும்மா வருமா? கடன் வாங்கிப் போட்ட முதல் அது. உயிரோடு மாட்டிய ஆவுளியாவைக் காப்பாற்ற, தன் வலையைத் தானே அறுக்கும் மீனவர் இழப்பது தன் சொந்தக் காசை. பாக் விரிகுடாக் கரையில் பல மீனவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். 2016 முதல் டேராடூனில் இருக்கும் இந்திய வன உயிரின நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் மீனவர்களோடு சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, இப்படி விடுவிப்பவர்களுக்குப் பரிசுத்தொகையும் பாராட்டும் கிடைக்கிறது. எங்கே ஆவுளியா தென்பட்டது என்று தகவல் தருவதும் அவர்கள்தான். உண்மையில் ஆவுளியாவைக் கண்ணால் பார்க்கிற ஒரே கூட்டம் மீனவர்கள்தானே!

ஐட்டம் நம்பர் 3: நேரம்

இது நம்ம சப்ஜெக்ட். கால்குலேட்டரை எடுங்கள்.

பெண் ஆவுளியா முதல் குட்டி போடவே சீக்கிரம் என்றால் 6 வயசு, லேட் என்றால் 17 வயசு வரை ஆகும். வயிற்றில் 13 முதல் 15 மாசம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. பிறந்த குட்டி ஒன்றரை வருஷம் வரை அம்மாவின் பால் குடித்துக்கொண்டு, கூடவே ஒட்டிக்கொண்டு திரியும். அடுத்த குட்டிக்கு மூணு முதல் ஏழு வருஷம் இடைவெளி.

எல்லாம் சரியாக அமைந்தால்கூட, ஒரு ஆவுளியாக் கூட்டம் வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நம்மிடம் இருப்பது 200. அதில் 5 சதவீதம், 10. அதாவது, வருஷத்துக்கு 10 ஆவுளியா வலையில் மாட்டினாலோ, படகு அடித்துச் செத்தாலோ, கூடின கணக்கு அவ்வளவும் மைனஸ். பதினொன்றாவது செத்தால், இறங்குமுகம்!

ஒன்றுகூடச் சாகாமல் பார்த்துக்கொண்டால்? அப்போதும் 200, 400 ஆக 14 வருஷம் ஆகும். இன்றைக்கு ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தவன் டிகிரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கும்போதுதான் அந்த 400-ஐப் பார்ப்பான்.

அரியரை அடுத்த செமஸ்டரில் க்ளியர் பண்ணலாம். ஆவுளியா விஷயத்தில் அது நடக்காது. சீனாவில் என்ன ஆனது தெரியுமா? அங்கேயும் தென்கரைக் கடலில் ஆவுளியா இருந்தது. 1988-ல் சட்டப்படி உச்சபட்சப் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஆனாலும் வலையும் புல் அழிவும் நிற்கவில்லை. 2022-ல் வந்த ஆய்வு, அந்தக் கடலில் ஆவுளியா இனி தலையெடுக்க வழியில்லாமல் அழிந்துவிட்டது என்று அறிவித்தது. சட்டம் பேப்பரில் இருந்தது. ஆவுளியாதான் இல்லை.

கடலுக்குள் ஒரு தறி

நல்ல செய்தியும் இருக்கிறது ஃப்ரெண்ட்ஸ்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர்-புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்றே அமைந்த முதல் காப்பகம். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரைக்குமான இந்தக் கடலுக்கு அடியில் 12,000 ஹெக்டேருக்கு மேல் கடற்புல்வெளி இருக்கிறது. இது தேசியப் பூங்கா மாதிரி வேலி போட்டு ஆளை விரட்டுகிற ஏற்பாடு இல்லை. மீனவர்கள் வழக்கம்போல் தொழில் செய்யலாம். அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் பாதுகாப்பு. 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த மாநாட்டில், ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் இதை அங்கீகரித்துக் கைதட்டியது.

அழிந்த இடத்தில் புல்லைத் திரும்ப நடுகிற வேலையும் நடக்கிறது. அந்தக் கரையிலேயே இயங்கும் ஓம்கார் ஃபவுண்டேஷன் அமைப்பினரும் வனத்துறையும் இதற்குக் கையாளும் டெக்னாலஜி என்ன தெரியுமா? ரோபோவும் இல்லை, சென்ஸாரும் இல்லை. மூங்கில் சட்டம். அதில் வரிசையாகத் தேங்காய் நார்க் கயிறு. கயிற்றில் கடற்புல் நாற்றுகளைச் செருகி, கடலின் அடியில் பதித்துவிடுவார்கள். புல் வேர் பிடித்துப் பரவும். மூங்கிலும் கயிறும் மெள்ள மட்கிப் போகும். பிளாஸ்டிக் மிச்சம் வராது.

இந்தப் போட்டோவை என் செல்போனில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் முப்பது வருஷமாகக் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

''என்னடா இது, பாவு கட்டுன மாதிரி இருக்கு?''

''கடல்ல புல்லு நடறாங்கப்பா. ஆவுளியாவுக்கு.''

''புடிச்சு வளர எவ்ளோ நாள் ஆகும்?''

''புல்லுக்கு மாசக் கணக்கு. ஆவுளியாவுக்கு வருஷக் கணக்கு.''

''ஆகட்டும். அவசரப்பட்டா இழை அறுந்துடும்'' என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தறிக்குத் திரும்பிவிட்டார்.

அப்பா ஒரு கோர்வைப் புடவையை நெய்து முடிக்க ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் இழை அறுந்தால் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுவிடுவார். ஆவுளியாவில் அந்த வசதி இல்லை. அறுந்தால் அறுந்ததுதான். ஒவ்வொரு இழையையும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

நாம என்ன பண்ணலாம்?

* கடல் பார்க்க டூர் போகிறீர்களா? பாக் விரிகுடாப் பக்கம் போட்டில் போனால், புல்வெளி மேல் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆவுளியா மெதுவாக நீந்துகிற ஆள். படகின் புரொப்பல்லருக்கு ஈடு கொடுக்க முடியாது.

* கரையிலோ வலையிலோ ஆவுளியாவைப் பார்த்தால் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால், தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அதற்கு மூச்சு.

* மே 28 உலக டுகாங் தினம். உங்கள் காலேஜ் என்.எஸ்.எஸ்., எகோ கிளப்பில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். 'யானைக்குக் கடலில் யார் சொந்தக்காரர்?' என்ற கேள்வியோடு ஆரம்பியுங்கள். கூட்டம் தானாக வாயைப் பிளக்கும்.

* சிவில், எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு ஒரு சவால்: வலை பக்கத்தில் ஆவுளியா வந்தால் மீனவருக்குச் சொல்லும் கருவி, புல்வெளியைக் கண்காணிக்கும் மலிவான கேமரா... ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுகிறவர்கள் கொஞ்சம் தெற்கே திரும்பிப் பாருங்கள். ஆனால், டிசைன் போடுவதற்கு முன்னால் ஒரு மீனவரிடம் பேசுங்கள். கடலை அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த தடவை புடவை பார்டரில் வரிசையாகப் போகும் யானைகளைப் பார்த்தால், தண்ணீருக்கடியில் இருக்கும் அந்தச் சொந்தக்காரரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அவசரமே கிடையாது. அவசரப்பட வேண்டியது நாம்தான்!